ரன்னுக்கு ஒரு டிராயர்

கிருஷ்ணஸ்வாமி சாருக்கும் எனக்கும் நடந்த சண்டைகளில் பெரியது ஒழுகும் மூக்கைப் பற்றியது.

அப்போது நாங்கள் பூனாவின் ராணுவப் பகுதியான கேம்ப்பில் குடியிருந்தோம். என் கணவர் விச்சுவுக்கு ராணுவக் கணக்கு ஆபீசில் வேலை. நான் திருச்சியில் இங்கிலீஷில் பி.ஏ. படித்துவிட்டு, கேம்ப் மார்க்கெட்டில் காய்கறிக்காரியிடம் அரைகுறை மராத்தியில் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். அதற்கு அந்தப் படிப்பு கொஞ்சம்கூட உதவவில்லை. நாளெல்லாம் சமையலறைச் சுவரைப் பார்த்துப் பார்த்துப் பைத்தியம் பிடிக்காத குறைதான். அந்தச் சமயத்தில்தான் ஷாகுல் ஹமீது பாய் அகராதி போடப் போகிறார் என்று கேள்விப்பட்டேன்.

பாய் மேலப்பாளையத்துக்காரர். கேம்ப்பில் காகிதக் கடை வைத்திருந்தார். காலண்டர், டைரி, கல்யாணப் பத்திரிகை எல்லாம் வெளி அச்சாபீசில் அச்சடித்துக் கொடுப்பார். பூனாவை ஒட்டிய பிம்ப்ரியில் புதிது புதிதாக பாக்டரிகள் வந்து, நம் பக்கத்துப் பையன்கள் ரயிலேறி வந்து சேர்ந்துகொண்டிருந்த காலம் அது. தமிழ்க் குரல் கேட்கும் என்று அவர்கள் பாய் கடைக்கு வருவார்கள். "மெஷின் மேல இப்படி எழுதிருக்கு பாய், என்ன அர்த்தம்?" என்று ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டுவார்கள். பாய்க்கும் தெரியாது. இப்படிப் பலமுறை முழித்த பிறகு அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரு இங்கிலீஷ் தமிழ் அகராதி, நம் ஆட்கள் படித்தால் புரிகிற மாதிரி, தானே போட்டுவிடுவது என்று முடிவு செய்தார்.

அதற்கு ஆசிரியராக அவர் பிடித்து வந்தது கிருஷ்ணஸ்வாமி சாரை. காலேஜில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். தமிழையும் சமஸ்கிருதத்தையும் கரைத்துக் குடித்தவர். மனைவி காலமாகி, தனி ஆளாக நாராயண் பேட்டில் ஆற்றுக்குப் பக்கத்தில் இருந்தார். முற்றம் வைத்த பழைய மராத்திக்கார வீடு, அங்கே வாடா என்பார்கள். மாடியில் சார் குடியிருந்தார், கீழே இரண்டு அறையில் அகராதி ஆபீஸ். ஆபீஸ் என்றால் சாரும் நானும்தான். விச்சுவே போய் எனக்காகப் பாயிடம் பேசி, அந்த வேலையை வாங்கிக் கொடுத்தார். வீட்டில் என் எரிச்சலுக்கு அடிபட்டுக்கொண்டிருந்த பாத்திரங்கள் பிழைத்தன.

வேலைக்கு ஒரு முறை உண்டு. ஒரு அர்த்தத்துக்கு ஒரு சீட்டு. நான் அதைப் பென்சிலால் எழுதி சார் மேஜையில் வைப்பேன். அவருக்குச் சம்மதம் என்றால் பென்சிலை ரப்பரால் அழித்துவிட்டு, தன் கையால் ராயல் ப்ளூ மையில் எழுதுவார். சம்மதம் இல்லை என்றால் தன் வார்த்தையைப் புதுச் சீட்டில் மையால் எழுதிவிட்டு, என் சீட்டை அதே டிராயரின் பின்பக்கத்தில் 'நிலுவை' என்ற அட்டைக்குப் பின்னால் சொருகிவிடுவார். மை ஏறினால் அச்சுக்குப் போகும். பென்சில் அங்கேயே கிடக்கும். எந்த வார்த்தையையும் குப்பைத்தொட்டியில் போடக்கூடாது என்பது மட்டும் அவருடைய கண்டிப்பான சட்டம்.

என் சீட்டுகள் பெரும்பாலும் பின்பக்கத்தில்தான் கிடந்தன.

க்யூ வரைக்கும் முடித்துப் பாய் கையில் கொடுத்துவிட்டோம். ஆர் தொடங்கி, ஓடுவதற்கு இங்கிலீஷில் சொல்கிற ரன்னுக்கு வந்து சேர்ந்தோம். மூன்றே எழுத்து. இரண்டு நாளில் முடித்துவிடலாம் என்று நான் நினைத்தேன். மழை முடிந்து, குளிர் வந்து, மாம்பழமும் வந்து போயிற்று. ரன் முடியவில்லை. அதற்கென்று ஒரு டிராயரையே ஒதுக்க வேண்டியதாயிற்று.

ரன்னை ஆரம்பித்த அன்று மட்டும் எங்களுக்குள் சண்டை இல்லை. சார் பெரிய பெரிய புத்தகங்களைப் பிரித்து வைத்துக்கொண்டு குழந்தை மாதிரி சிரித்தார்.

"சரசா, இது ஒரு வினையே இல்லை, ரெண்டு! பழைய இங்கிலீஷ்ல தானா ஓடறதுக்கு ஒரு வினை. குதிரையை ஓட வைக்கறதுக்கு இன்னொரு வினை. ரெண்டும் காலக்கிரமத்துல ஒண்ணோட ஒண்ணு ஒட்டிண்டு, எது எதுன்னே தெரியாம ஆயிடுத்து. வடக்கேர்ந்து கப்பல்ல இங்கிலாந்துக்கு வந்தவா பேச்சும் நடுவுல வந்து கலந்துடுத்து."

"நம்மகிட்ட இன்னும் தனித்தனியாத்தான் சார் இருக்கு. ஓடு, ஓட்டு."

அவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கொஞ்சம் மரியாதை இருந்தது. "இன்னொண்ணு கேளு. அந்தப் பழைய வினை காலுக்கு மட்டும் இல்லை, தண்ணிக்கும் அதேதான். மனுஷன் ஓடறதும் ஆறு ஓடறதும் அவாளுக்கு ஒரே சொல்."

"நமக்கும்தான் சார்."

"ஆமாம். நமக்கும்தான்," என்றார். அன்று எனக்கு அவரைப் பிடித்திருந்தது. மறுநாளே எல்லாம் போயிற்று.

இங்கிலீஷ்காரன் எதைத்தான் ஓட விடவில்லை? அவனுக்கு ரயிலும் ஓடுகிறது, ரோடும் ஓடுகிறது. நமக்கு ரோடு போகும், வரும், ஓடாது. அவனுக்கு ஜுரம் ஓடும், நமக்கு அடிக்கும். புடவைச் சாயம் அவனுக்கு ஓடும், நமக்குப் போய்விடும். அமெரிக்காக்காரன் தேர்தலில் ஓடுகிறான், நம் ஆள் நிற்கிறான். அரிசி தீர்ந்தாலும் அவனுக்கு அது ஓட்டம்தான். ஆனால் படம் மட்டும் இரண்டு பேருக்கும் ஓடுகிறது. கடிகாரமும் அப்படியே. எங்கே ஒத்துப்போகிறது, எங்கே பிய்த்துக்கொள்கிறது என்று பார்ப்பதில் எனக்கு ஒரு வெறியே பிடித்துவிட்டது. பஸ்ஸில் போகும்போதும் ரசம் கொதிக்கும்போதும் அதே நினைப்புதான். கேம்ப்பில் ஒரு ஆங்கிலோ இந்திய அம்மாள் நைலான் காலுறையில் நூல் பிரிந்துவிட்டதை 'ரன்' என்று சொல்லிக் கடைக்காரனோடு சண்டை போட்டபோது, பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டு வந்து ஒரு சீட்டு எழுதினேன்.

சார் அதையும் நிலுவையில் போட்டார். அப்புறம்தான் இங்கிலீஷ்காரனுக்கு ஓடும் மூக்கு வந்தது.

"மூக்கு ஒழுகறதுன்னு அகராதில போடறதா?" என்றார்.

"ஒழுகினா வேற என்ன சார் சொல்றது?"

"பேசறோம், சரி. எழுதறோமா?"

"டாக்டர்கிட்ட போனா எழுதியா காட்டறோம்?"

"மிஸஸ் விஸ்வநாதன்!" என்றார். கோபம் வந்தால் நான் சரசா இல்லை, மிஸஸ் விஸ்வநாதன். "அகராதின்னா நாலு பேர் மத்தியில வைக்கற பொருள். அதுல சளியைக் கொண்டு வந்து வைக்காதே." சொல்லிவிட்டு, மைப் பேனாவைத் திறந்து, 'நாசி நீர் பெருகுதல்' என்று எழுதினார்.

எனக்குத் தலை சுற்றியது. பிம்ப்ரியில் இருக்கிற பையன் நாசி நீர் பெருகுதல் என்பதைப் புரிந்துகொள்ள இன்னொரு அகராதி அல்லவா வாங்க வேண்டும்? அதைச் சொன்னேன். அவர் பதில் சொன்னார். நானும் விடவில்லை. வாடாவின் மறுபக்கத்துக் குடித்தனக்காரர்கள் முற்றத்தில் வந்து நின்று பார்த்தார்கள்.

அன்று சாயங்காலம் வீட்டில் விச்சுவுக்கு அதை நடித்தே காட்டினேன். சார் பேனாவைத் திறக்கிற விதம், எழுதுவதற்கு முன் ஒருமுறை தொண்டையைச் செருமுவது, ஒவ்வொரு எழுத்தையும் கோவில் மணி அடிக்கிற மாதிரி உச்சரிப்பது. "நா-சி நீர் பெ-ரு-கு-தல்." விச்சு சாதத்தை வைத்துக்கொண்டு சிரித்தார். "பெருகினா கால்வாய் வெட்டணுமேடி!"

அதிலிருந்து அது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. "இன்னிக்கு என்ன மை ஏறித்து?" என்று விச்சு கேட்பார். நான் சார் குரலில் சொல்வேன். படம் ஓடுவது 'திரைக்காட்சி தொடர்ந்து நிகழ்தல்'. கடை நடத்துவது 'வணிகம் நிர்வகித்தல்'. ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு ஒரு எரிச்சல், விச்சுவுக்கு ஒரு வேடிக்கை.

ஆனால் எல்லாமே அப்படியில்லை. அதைச் சொல்லாவிட்டால் என் நாக்கு அழுகிப்போகும். ஒருமுறை, ஒரு பாட்டுக்குள் ஆரம்பத்திலிருந்து கடைசி வரைக்கும் துக்கம் ஓடுகிறது என்று இங்கிலீஷ்காரன் சொல்கிற அர்த்தத்துக்கு எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. சார் பேனாவைத் திறந்து, 'இழையோடுதல்' என்று எழுதினார். நல்ல வார்த்தை. அதனாலேயே எனக்குக் கோபம் வந்தது. "கேம்ப் மெயின் ஸ்ட்ரீட்ல எவன் சார் இழையோடுதுன்னு பேசறான்?" என்று கேட்டேன். அன்று மட்டும் விச்சுவிடம் அதை நடிக்கவில்லை.

அறுபத்தொன்று ஜூலையில் நாலு நாளாக விடாமல் மழை. ரன் முடிகிற கட்டத்துக்கு வந்துவிட்டது. அந்தப் புதன்கிழமை காலையில் ஆபீசுக்குப் போன சற்று நேரத்துக்கெல்லாம் தெருவில் கூச்சல். "பான்ஷேத் ஃபுட்ல! பளா, பளா!" பான்ஷேத் அணை உடைந்துவிட்டது, ஓடுங்கள் என்று மராத்தியில் கத்திக்கொண்டே ஆட்கள் போனார்கள். மாதக்கணக்காக நாங்கள் உட்கார்ந்து எழுதிய வினையைத் தெருவே கத்தியது. நாங்கள் இரண்டு பேரும் ஓடவில்லை.

மாடிக்குத் தூக்க நேரமில்லை, சார் டிராயர்களை ஒவ்வொன்றாக உருவி அலமாரியின் உச்சியில் வைத்தார். நானும் தூக்கிக் கொடுத்தேன். முற்றத்துக் கல்லில் தண்ணீர் பளபளத்தது. "அவ்வளவு உசரத்துக்கு வராது," என்று சொல்லிவிட்டு, அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "நீ போ. நான் இருக்கேன்."

"சார், இப்ப எழுந்து வரேளா, இல்லையா?" என்று நான் கத்தினேன். அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். கூட்டத்தோடு கூட்டமாக மேட்டைப் பார்த்து ஓடினோம். திரும்பிப் பார்த்தபோது சந்தின் முனையில் பழுப்புத் தண்ணீர் வீட்டுக் கதவுகளை மோதிக்கொண்டு வந்தது. கேம்ப் மேட்டில் இருந்ததால் எங்கள் வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. விச்சு வாசலிலேயே நின்றிருந்தார், என்னைப் பார்த்ததும் இறங்கி ஓடி வந்தார். சாருக்கு முன் அறையில் படுக்கை விரித்துக் கொடுத்தோம்.

தண்ணீர் வடிந்த பிறகு மூன்று பேருமாகப் போனோம். நாராயண் பேட்டை நாராயண் பேட் என்று சொல்ல முடியாது. முழங்கால் ஆழம் சேறு. வாடாவின் மாடி பாதி இடிந்து முற்றத்தில் கிடந்தது. சார் தன் வீடு இருந்த இடத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, நேராகக் கீழ் அறைக்குப் போனார். அலமாரி குப்புற விழுந்திருந்தது. டிராயர்கள் பல காணோம். அலமாரியை நிமிர்த்தியபோது அதன் கீழே ஒன்று மட்டும் அப்படியே இருந்தது. ரன் டிராயர். உள்ளே சீட்டுகள் ஊறிப்போய் ஒரே கட்டியாக, செங்கல் மாதிரி.

சார் அதை இரண்டு கையாலும் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு டாங்கா வண்டியில் உட்கார்ந்தார்.

வீட்டில் நான் தோசைத் திருப்பியின் முனையால் சீட்டு சீட்டாகப் பிரித்தேன். அறைக்கு அறை கொடி கட்டித் தொங்கவிட்டோம். ஊரே முங்கி எழுந்திருக்க, அணை போனதால் குழாயில் சொட்டுத் தண்ணீர் வரவில்லை, சேற்றைத் துடைக்கத் துணியை நனைக்கக்கூட யோசிக்க வேண்டியிருந்தது. அரை ஈரச் சீட்டுகளை விச்சு இஸ்திரிப் பெட்டியில் கரி போட்டு, பழைய வேட்டிக்கு நடுவில் வைத்துத் தேய்த்தார். "கணக்கு ஆபீஸ்ல இவ்வளவு வேலை செஞ்சதில்லை," என்றார்.

காய்ந்த பிறகுதான் தெரிந்தது. மைச் சீட்டுகளில் எழுத்தே இல்லை. நீலமாக ஒரு திட்டு, அவ்வளவுதான். நிலுவைச் சீட்டுகளில் பென்சில் எழுத்து அப்படியே இருந்தது. மூக்கு ஒழுகுகிறது. சாயம் போகிறது. கடை நடத்துகிறேன். நைலான் நூல் பிரிந்துவிட்டது. சார் வேண்டாம் என்று சொன்னதெல்லாம் பிழைத்துக் கிடந்தது. சார் எழுதியது ஒன்றுகூட மிஞ்சவில்லை.

ஷாகுல் ஹமீது பாய் அன்று மத்தியானமே வந்தார். கொடிகளுக்கு அடியில் குனிந்து வந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"சாரே, உங்க உசுரு தப்பிச்சதே பெருசு. அல்லா காப்பாத்துனான். ஆனா நான் ஒண்ணு சொல்லியாவணும். அச்சாபீஸ்காரன் எனக்காக ஈய எழுத்தை ஒதுக்கி வச்சிட்டுக் காத்துக்கிட்டு இருக்கான். ஆடிக்குள்ள ஆர் வார்த்தை போவலைன்னா வேற வேலையை எடுத்துருவான். அப்புறம் க்யூ வரைக்கும் ஒரு பாகமா கட்டிப் போட வேண்டியதுதான். மிச்சம் எப்ப வரும்னு நான் யாருகிட்ட போய்ச் சொல்லுதது?"

ஆருக்கு அப்புறம்தான் எஸ், டி, டபிள்யூ. அரை அகராதியை எவன் வாங்குவான்? வாங்காவிட்டால் ஆபீஸ் ஏது? நான் திரும்பச் சமையலறைச் சுவரைப் பார்க்க வேண்டியதுதான். சாருக்கு அதுகூட இல்லை.

"ஆர்ல மத்த வார்த்தையெல்லாம் பதினஞ்சு நாள்ல திரும்ப எழுதிடலாம் பாய்," என்றேன். "ரன்தான்..."

"என்னால முடியாது," என்றார் சார். "எழுதினப்புறம் எதையும் மனசுல வெச்சுக்கற வழக்கம் எனக்கு இல்லை. இறக்கி வைக்கத்தானே எழுதறது? என்ன எழுதினேன்னு யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டேன், ஒண்ணும் வரலை." கொடியில் தொங்கிய சீட்டுகளைக் காட்டினார். "சரசாவோடது எல்லாம் இருக்கு. அதையே அனுப்பு. என்னோடது வேண்டாம். தண்ணியே தீர்ப்பு சொல்லிடுத்து."

முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இதைத்தானே இத்தனை மாதமாகக் கேட்டேன்? என் வார்த்தைகள் அச்சில் வரும், பையன்களுக்குப் புரியும், பாய்க்கும் நிம்மதி. தலையை ஆட்டினால் போதும். ஆனால் சார் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த விதம் என்னால் தாங்க முடியவில்லை. எனக்கு ஆற்றுத் தண்ணீர் ஜெயித்துக் கொடுக்க வேண்டாம். நான் ஜெயிப்பதானால் அவரோடு மோதி ஜெயிக்க வேண்டும்.

தொண்டையைச் செருமினேன். "நா-சி நீர் பெ-ரு-கு-தல்," என்றேன்.

சார் நிமிர்ந்தார்.

"திரைக்காட்சி தொடர்ந்து நிகழ்தல். வணிகம் நிர்வகித்தல். வண்ணம் கசிந்து பரவுதல். தேர்தற்களம் புகுதல்." நிறுத்த முடியவில்லை. ஒன்றை இழுத்தால் அடுத்தது வந்தது. சோற்றுத் தட்டுக்கு முன்னால் நடித்ததெல்லாம், அதே செருமலோடும் அதே மணியோசையோடும் வந்துகொண்டே இருந்தது. விச்சு இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டு அவசரமாக ஒரு பென்சிலும் காகிதமும் எடுத்து எழுதத் தொடங்கினார்.

"இது என் குரலாச்சே!" என்றார் சார்.

நான் விச்சுவைக் காட்டினேன். "ஆமாம் சார். தினம் இவர்கிட்ட உங்களை மாதிரி பேசிக் காட்டுவேன்."

"தினமுமா?"

"ஞாயித்துக்கிழமை கிடையாது சார்," என்றார் விச்சு.

சார் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் தோள் குலுங்கியது. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "நாசி நீர் பெருகுதல்னு நானா எழுதினேன்? ஜலதோஷம் பிடிச்சவன் அதைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள செத்தே போயிடுவானே! அதை எடு. ஒழுகறதுன்னு உன்னோடதையே போடு."

"எடுக்கறேன் சார். திரைக்காட்சியும் போகட்டும். ஆனா இழையோடுதலை எடுக்க விடமாட்டேன்."

"மெயின் ஸ்ட்ரீட்ல எவன் பேசறான்னு கேட்டியே?"

"கேட்டேன். அது நல்லா இருந்துது, அதான் கேட்டேன். அது இருந்தே ஆகணும்."

"வேண்டாம் சரசா, அது புஸ்தகப் பேச்சு. பையன்களுக்குப் புரியாது."

"புரியும் சார்!"

"மிஸஸ் விஸ்வநாதன்..."

"அட இருங்க," என்றார் பாய். "என்ன வார்த்தை அது? இழையோடுதலா? தறியில ஒரு நூலு ஓரத்துலேருந்து ஓரம் வரைக்கும் விடாம ஓடிக்கிட்டே வருமே, அப்படியா? எங்க உம்மா சேலையை விரிச்சுப் பாத்து இதைத்தான் சொல்லும். இது புரியாம என்ன?"

யாருக்காக யார் வாதாடினோம் என்று சாருக்கும் எனக்குமே குழம்பிவிட்டது.

அன்றிலிருந்து சண்டை மறுபடியும் தொடங்கியது, ஆனால் தலைகீழாக. நான் அவர் வார்த்தைக்குப் பரிந்து பேசுவேன், அவர் என்னுடையதைத் தூக்கிப் பிடிப்பார். வேறு எந்த வீட்டிலும் விருந்தாளியும் வீட்டுக்காரியும் இப்படிக் கத்திக்கொண்டிருக்க மாட்டார்கள். ரன் எப்படிப் பிறந்தது என்ற குறிப்பை மட்டும் இரண்டு பேரும் சேர்ந்து சொல்ல விச்சு எழுதினார். ஆடி முடிவதற்குள் ஆர் அச்சுக்குப் போயிற்று. இழையோடுதலும் ஒழுகும் மூக்கும் ஒரே பக்கத்தில் வந்தன.

பாய் தன் கடைக்குப் பின்னால் இருந்த அறையைக் காலி செய்து அகராதி ஆபீசுக்குக் கொடுத்தார். சாருக்கும் அதே தெருவில் ஒரு மாடி அறை கிடைத்தது. எஸ் தொடங்கிய அன்று காலையில் நான் போனபோது சார் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார். தலை நிமிரவில்லை.

என் மேஜையில் ஒரு சீட்டு இருந்தது. மூட்டை கட்டும் சேக் என்ற இங்கிலீஷ் வார்த்தைக்கு எழுதியது. கோணி என்று எழுதி, அடித்துவிட்டு, பக்கத்தில் 'சாக்கு' என்று இருந்தது. சாரின் கையெழுத்து, ஆனால் பென்சிலில். சீட்டுக்குப் பக்கத்தில் அவருடைய பேனாவும் மைப் புட்டியும்.

"பாத்துச் சொல்லு," என்றார் அந்தப் பக்கத்திலிருந்து. "சரியில்லேன்னா நிலுவைல போடு."

நான் ரப்பரை எடுத்து அவர் எழுத்தை மெதுவாக அழித்தேன். பேனாவைத் திறந்து, தொண்டையை ஒருமுறை செருமிக்கொண்டு, சாக்கு என்று எழுதினேன்.